கடிகாரம் எண்ணாத வேலை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நான் சுகம். உன் அப்பா சுகம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், சுகமில்லை என்று எழுதினால் அவருக்குப் பெருமை தலைக்கேறிவிடும், ஆகையால் அவர் இருக்கிறார் என்று மட்டும் எழுதிவைக்கிறேன். உன் சுகத்தை நான் கேட்கப்போவதில்லை. கேட்டால் 'சூப்பரா இருக்கேம்மா' என்பாய், அதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. போனில் சொல்லாமல் இதென்ன புதுப் பழக்கம், காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் நீ நடுவில் சிரிப்பாய், 'ஆரம்பிச்சிட்டியா' என்பாய், பின்னாலிருந்து உன் அப்பா 'அவளை ஏன் பயமுறுத்துற' என்பார், கடைசியில் வீட்டிலேயே நான் ஒருத்திதான் பைத்தியம் என்று ஆளுக்கொரு பக்கம் போய்விடுவீர்கள். காகிதம் குறுக்கே பேசாது, கூரியரில் போடுகிறேன், சீக்கிரமே உன் கைக்கு வந்துவிடும். முழுக்கப் படி. நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டு படி, காரணம் பின்னால் வருகிறது.

முதலில் இங்கே நடந்த கூத்தை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், ஏனென்றால் உனக்கு வந்தது உன் அப்பா பூசி மெழுகி அனுப்பிய கதை. வேலையில் இருந்த காலம் முழுவதும் அந்த மனிதர் லிப்ட் ரிப்பேர் செய்தார். ஒரு ஜீவனும் படி ஏறக்கூடாது என்பதற்காகவே உழைத்தவர். முதல் மாடிக்குப் போவதற்குக்கூட லிப்ட் வரும்வரை சுவரில் சாய்ந்து நின்று, அது வந்ததும் கதவு மூடும் சத்தத்தில் குறை கண்டுபிடித்து, பிறகுதான் ஏறுவார். அப்படிப்பட்டவர் ஓய்வு பெற்ற கையோடு கண்ணைப் பறிக்கும் பச்சையில் ஒரு ஷூ வாங்கி மாட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். நடந்திருக்கலாம். நடப்பது எல்லோரும் செய்கிற வேலை, இவருக்கு அது எப்படிப் போதும். ஓடினார். அங்கே இவரைப் போலவே வேலை ஓய்ந்து வீட்டில் இருப்புக்கொள்ளாத ஒரு கூட்டம் இருக்கிறது, அதற்குத் தலைவர் கேப்டன். அவரை எதற்குக் கேப்டன் என்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, கப்பலிலும் இருந்ததில்லை, பட்டாளத்திலும் இருந்ததில்லை, இன்சூரன்ஸ் பிடித்துக்கொண்டிருந்தவர். கழுத்தில் ஒரு விசில் தொங்கும். 'வலி வந்தா உடம்பு நம்மகிட்ட பேசுதுன்னு அர்த்தம், நாம பதிலுக்குப் பேசணும்' என்பது அவருடைய தத்துவம். உடம்பு பேசினால் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும் என்று அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோர் கையிலும் ஒரே மாதிரிக் கடிகாரம், எல்லோர் போனிலும் ஒரே ஆப், யார் எவ்வளவு நடந்தார் ஓடினார் என்று அதில் ஏறும், சாயங்காலம் அதைப் பார்த்து ஒருவருக்கொருவர் கட்டைவிரல் காட்டிக்கொள்வார்கள். இதில் உன்னையும் சேர்த்தது உன் அப்பாதான். நீ வேலைக்கு அவ்வளவு தூரம் போன பிறகு அவர் உற்சாகமாகச் செய்த ஒரே காரியம் அது.

சரி, ஓடியவருக்குக் குதிகாலுக்கு மேலே இருக்கிற அந்தத் தடித்த நார் வலிக்க ஆரம்பித்தது. காலையில் கட்டிலிலிருந்து இறங்கிக் குளியலறைவரை வாத்து மாதிரிப் போவார். கொஞ்சம் நடந்ததும் வலி விட்டுவிடும், உடனே சரியாகிவிட்டது என்று பச்சை ஷூவை மாட்டுவார். மறுநாள் காலையில் மறுபடியும் வாத்து. நான் சொன்னால் 'நீ சும்மா இரு, கேப்டனுக்கும் இப்படித்தான் இருந்துச்சாம், ஓடி ஓடியே சரி பண்ணிட்டாராம்' என்பார். கேப்டன் ஒரு தைலம் கொடுத்தார், ஒரு பட்டை கொடுத்தார், பட்டைக்கு மேல் போட இன்னொரு பட்டை கொடுத்தார், காலைப் பார்த்தால் தபாலில் அனுப்பக் கட்டிவைத்த பார்சல் மாதிரி இருந்தது. அந்த இடத்தில் ஒரு புடைப்பு வந்து, தொட்டால் அலறும் நிலைமை வந்த பிறகுதான் நான் இழுத்துக்கொண்டு பிசியோதெரபி நிலையத்துக்குப் போனேன். அங்கே இருக்கிற பெண் உன் வயதுதான் இருப்பாள், நிதானமானவள், காலைப் பிடித்துப் பார்த்துவிட்டு அழகாகச் சொன்னாள். 'சார், இது ஒரு நாள்ல அடிபட்டு வந்தது இல்ல. அதுக்குப் பழக்கமில்லாத வேலையை தினம் தினம் வாங்கி, அது தேறுறதுக்கு நேரமே கொடுக்கல. இப்போதைக்கு ஓட்டத்தை நிறுத்துங்க. ஆனா படுத்துடாதீங்க. படுத்துட்டா அந்த நார் இன்னும் பலவீனமாயிடும். மெதுவா, அளவா வேலை கொடுத்துக்கிட்டே இருக்கணும்' என்றாள். சைக்கிள் மிதிக்கச் சொன்னாள். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, இறக்கும்போது மெதுவாக, ரொம்ப மெதுவாக இறக்கச் சொன்னாள். நான் எல்லாவற்றையும் கேட்டேன். உன் அப்பா 'நிறுத்துங்க' என்பது வரைக்கும் கேட்டார், அதற்குப் பிறகு அவருடைய காது கடையைச் சாத்திவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்தார். சாய்ந்தார் என்றால் ராஜா மாதிரி. காலுக்குக் கீழே இரண்டு தலையணை, அதில் ஒன்று என்னுடையது. ரிமோட் ஒரு பக்கம், போன் ஒரு பக்கம், தண்ணீர் வேண்டுமென்றால் ஒரு கனைப்பு. நேற்றுவரை சூறாவளி, இன்றைக்கு மரக்கட்டை, நடுவில் மனிதர்கள் இருக்கிற நிலைமை ஒன்று உண்டு என்பதே இவருக்குத் தெரியாது. அந்தப் பெண் சொன்ன பயிற்சியைச் செய்யுங்கள் என்று நான் தொந்தரவு செய்ததில் ஒரே ஒரு நாள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு நான்கைந்து தடவை எக்கிவிட்டு மணிக்கட்டைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் ஏறவில்லை. 'பாரு, இதெல்லாம் கணக்குலயே வரல, பரண்ல டப்பா எடுக்கிற வேலையெல்லாம் ஒரு எக்ஸர்சைஸா' என்று திரும்பப் போய்ச் சாய்ந்துவிட்டார். கடிகாரம் எண்ணாத வேலை வேலையே இல்லை என்பது அந்த வீரருடைய முடிவு. எதற்காகச் செய்கிறோம், யாருக்காகச் செய்கிறோம் என்ற யோசனையெல்லாம் அவருக்குக் கிடையாது.

அதற்குப் பிறகு ஒரு நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது சோபாவிலிருந்தபடியே கூப்பிட்டார். கையை நீட்டச் சொன்னார். தன் கடிகாரத்தைக் கழற்றி என் மணிக்கட்டில் கட்டி, அது தொளதொளவென்று இருந்ததால் தன் பழைய கருவிப்பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, வாரில் அளவாக ஒரு ஓட்டை போட்டு மாட்டிவிட்டார். 'சும்மா கெடந்தா பேட்டரி போயிடும், நீ போட்டுக்க, உனக்கும் நல்லாத்தான் இருக்கு' என்றார். அந்த மனிதர் தானாகக் கூப்பிட்டு என் கையில் ஒன்றைக் கட்டி, நல்லாயிருக்கு என்று சொன்னது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்பதை இங்கே எழுதிவைக்கிறேன், மேலே படிக்கும்போது நீ அதை மறக்கக்கூடாது. அன்றைக்குப் பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதுகூட நாலு பேர் பார்க்கிற மாதிரி அந்தக் கையால்தான் பிடித்தேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும், ஆனால் ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை, ஆகவே சொல்கிறேன். ஓட்டல்களிலிருந்தும் ஆஸ்பத்திரிகளிலிருந்தும் வருகிற படுக்கை விரிப்புகள் துவைத்து, பெரிய சூட்டு உருளைக்குள் போய், மறுபக்கம் அப்பளமாக வெளியே வரும். வருகிற விரிப்பின் இரண்டு மூலையை நான் பிடிப்பேன், எதிர் முனையில் இரண்டு மூலையை நெட்டை பிடிப்பாள், அவளை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுகிறோம், அவளுக்கும் அதில் வருத்தமில்லை. உதறி இழுத்து, நான் அவளிடம் நடந்து போய் மூலையைக் கொடுத்து, தொங்குகிற மடிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்து, மறுபடி அவளிடம் போய், மறுபடி பின்னால் வந்து, ஒரு விரிப்புக்கே இவ்வளவு நடை. அடுத்தது அதற்குள் உருளையில் எட்டிப் பார்க்கும். இந்த உதறலில் போன வருடம் என் வலது தோள்பட்டை போய்விட்டது, தலை வாரக் கை தூக்க முடியாது, உள்பாவாடை நாடாவைப் பின்னால் கொண்டுபோக முடியாது. நான் என்ன, படுத்துக்கொண்டா ரிமோட் கேட்டேன்? நெட்டையிடம் சொல்லி உயரமாக உதறுகிற பக்கத்தை அவள் எடுத்துக்கொண்டாள், நான் கொஞ்ச காலம் மேஜையில் தலையணை உறை மடித்தேன், பஸ் நிறுத்தத்துச் சுவரில் விரலை எறும்பு மாதிரி மேலே ஏற்றி ஏற்றிப் பழக்கினேன், வலி குறையக் குறைய விரிப்புக்குத் திரும்பினேன், இப்போதும் பக்கத்தை மாற்றி மாற்றித்தான் நிற்கிறோம். கை சரியாகிவிட்டது. எந்த ஆப்பிலும் ஏறவில்லை, எந்தக் கேப்டனும் விசில் ஊதவில்லை. உங்கள் இரண்டு பேருக்கும் என் தோள்பட்டை வலித்தது நினைவிருக்கிறதா என்பதே சந்தேகம். அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் அந்தக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு போனேன். நெட்டை பார்த்துவிட்டு 'என்னக்கா, வீட்டுக்காரர் புதுசா கல்யாணம் ஆன மாதிரி நகை போட்டு அனுப்புறாரு' என்றாள். போடி என்றேன், ஆனால் முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தினமும் போட்டுக்கொண்டு போனேன், தினமும் சாயங்காலம் உன் அப்பா அக்கறையாகக் கழற்றி வாங்கி சார்ஜில் போட்டார். அக்கறை என்றுதான் நினைத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை கேப்டன் வீட்டுக்கு வந்தார், நோயாளியைப் பார்க்க. விசிலோடு வந்தார். உன் அப்பா இரண்டு தலையணை மேல் காலை வைத்துக்கொண்டு சோபாவில் கிடக்கிறார், அவருக்கு எதிரே உட்கார்ந்து, நான் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே என்னிடம் சொல்கிறார். 'உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்லம்மா. குதிகால் இப்படி இருந்தும் தினமும் எங்க எல்லாரையும் தாண்டிப் போயிட்டிருக்காரு. படுத்த படுக்கையா இருந்தும் இவ்வளவு நடக்கிறாருன்னா அது மனசு, மனசு' என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார். படுத்திருப்பவர் எப்படி நடக்கிறார் என்ற கேள்வி அந்த மண்டைக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை, அவர் பிடித்த இன்சூரன்ஸ் எல்லாம் எப்படிப் பிடித்தாரோ. அதோடு விட்டாரா, 'பொண்ணும் லேசுப்பட்டவ இல்ல, அப்பாவை விடமாட்டேங்குது, இவரு ஏற ஏற அதுவும் ஏறுது, முந்தாநாள் தொட்டுருச்சு' என்றார். நான் என் மணிக்கட்டைப் பார்த்தேன். உன் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றவே இல்லை, அப்போது கரண்ட் இல்லை, அதைப் போய் அவ்வளவு கவனமாகப் பார்த்தார்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். அதற்கு முந்தின வாரம் நீ வீடியோவில் பேசிக்கொண்டே உன் வீட்டு மாடிப்படியில் இறங்கினாய். போனைக் கையில் கீழாகப் பிடித்திருந்ததால் உன் முகத்தைவிட உன் கால்தான் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து வைத்து இறங்கினாய், நடக்கப் பழகுகிற குழந்தை மாதிரி. ஏன் அப்படி இறங்குகிறாய் என்று கேட்டேன், ஷூ கடித்துவிட்டது என்றாய். ஷூ கடித்தால் பாதம் நொண்டும், நீ முழங்காலுக்குக் கீழே முழுவதையும் கண்ணாடிச் சாமான் மாதிரி இறக்கிவைத்தாய். விரிப்பில் ஒரு நூல் பிரிந்திருந்தாலே அந்த ஓரத்திலிருந்து இந்த ஓரத்துக்குத் தெரிகிற கண் இது, என்னிடம் ஷூ கடித்த கதை. கேப்டன் சொன்னதும் அந்தப் படி என் கண்ணில் வந்து நின்றது. அவர் டீயை முடிக்கும்வரை பொறுத்தேன், வாசலில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு உன் அப்பாவின் போனைக் கேட்டேன். கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டேன். நீ அவருக்கு அனுப்பிய படத்தைப் பார்த்தேன். முன்னங்கால் எலும்பில் ஒரே இடத்தில் ஒரு விரலை வைத்துக் காட்டுகிறாய், 'கரெக்டா இங்கதான் வலிக்குதுப்பா, உங்களுக்கு இப்படி இருந்துச்சா, எப்படி இவ்வளவு நடக்கறீங்க' என்று கேட்டிருக்கிறாய். அதற்கு அந்த மகானுபாவர் சோபாவிலிருந்து பதில் அனுப்பியிருக்கிறார், 'நடந்தா சரியாயிடும்மா, நான் நடக்கலையா' என்று. அடுத்த நாளே நீ ஓடியிருக்கிறாய். அடுத்த மாதம் ஆபீஸ் பெயர் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு ஏதோ நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் வேறு கொடுத்திருக்கிறாய், அதையும் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

புரிகிறதா? நீ விடாமல் துரத்தியது உன் அப்பாவை இல்லை. அவர் தலையணையை விட்டு இறங்கவில்லை. நீ துரத்தியது என்னை. நெட்டையிடம் போய், பின்னால் வந்து, மறுபடி போய், பின்னால் வந்துகொண்டிருந்த என்னைத் துரத்தித்தான் உன் கால் எலும்பை இந்தக் கதிக்குக் கொண்டுவந்திருக்கிறாய். அந்த வேலையைச் சிறு வயதிலிருந்து செய்கிற கால் இது, உங்கள் மைதானத்துக் கூட்டம் முழுவதும் சேர்ந்து வந்தாலும் இதைத் தாண்ட முடியாது. இதை நினைத்து எனக்கு ஒரு பெருமைகூட வந்திருக்க வேண்டும், வரவில்லை.

உன் அப்பாவை நான் என்னவெல்லாம் கேட்டேன் என்பதை எழுதினால் இந்தக் காகிதம் கருகிவிடும். திருட்டு முழி முழித்தவர் கடைசியில் வாயைத் திறந்தார். 'அவகிட்ட பேச எனக்கு வேற என்ன இருக்கு சொல்லு. காலைல எந்திரிச்சதும் அவ அந்த நம்பரைப் பார்ப்பா, அப்பா இருக்கார்னு தெரியும். நானும் பார்ப்பேன். என்னுது நின்னு போச்சுன்னா அவ எதுக்கு அதைத் திறக்கப்போறா' என்றார். உண்மைதான், நீ போன் செய்தால் 'சாப்பிட்டியா' என்று ஒரு கேள்வி கேட்பார், நீ சாப்பிட்டேன் என்பாய், உடனே சூடான பாத்திரத்தைக் கைமாற்றுவது போல் போனை என்னிடம் நீட்டிவிடுவார். எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் காட்டிக்கொள்ளவில்லை, காட்டினால் அதற்கும் ஒரு தலையணை வைத்துச் சாய்ந்துகொள்வார். வாய் என்று ஒன்று இருக்கிறதே, கேப்டனிடம் ஓயாமல் பேசுகிற வாய்தானே, பெற்ற பெண்ணிடம் பேச அதற்கு என்ன கேடு என்றுதான் கேட்டேன். கடிகாரத்தைக் கேட்டுக் கையை நீட்டினார், கொடுக்கவில்லை.

மறுநாள் நான் ஒன்றும் சொல்லாமலே அவராகச் சட்டையை மாட்டிக்கொண்டு அந்தப் பிசியோதெரபி பெண்ணிடம் போகலாம் என்றார். தன் காலைக் காட்டவில்லை, போனை எடுத்து உன் படத்தைக் காட்டினார். அவள் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். 'இதுக்குப் படத்தைப் பார்த்து வைத்தியம் சொல்ல முடியாது சார். ஆனா ஒரு விரல் வெச்சுக் காட்டுற அளவுக்கு ஒரே இடத்துல எலும்பு வலிச்சா உடனே டாக்டரைப் பார்க்கணும், ஸ்கேன் தேவையான்னு அவங்க சொல்வாங்க. அதுவரைக்கும் ஒரு நாள்கூட ஓடக் கூடாது. உங்களுக்கு இருக்கிறது நார், பயிற்சி பண்ணும்போது கொஞ்சம் வலிச்சாலும் மறுநாள் காலைல அடங்கிட்டா பரவாயில்ல. எலும்பு அப்படி இல்ல, அதுக்கு வலியே வரக் கூடாது. மயிரிழை மாதிரி விரிசல் இருந்து அது மேலேயே ஓடினா முழுசா முறிஞ்சிடும்' என்றாள். உன் அப்பா 'நான் நடக்கச் சொல்லிட்டேனே' என்றார். வீடு திரும்பினோம். நம் கட்டடத்து லிப்டில் ஏறினோம், கதவுச் சத்தத்தில் குறை சொல்லவில்லை, பட்டனைக்கூட நான்தான் அழுத்தினேன். அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

இனி நான் சொல்வதைக் கேள், கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள், அதட்டுகிறேன் என்று நினைத்துக்கொள், எப்படி நினைத்தால் கேட்பாயோ அப்படி நினைத்துக்கொள். இந்தக் கடிதம் கையில் கிடைத்த அன்றைக்கே டாக்டரிடம் நேரம் வாங்கு. அந்த ஓட்டத்துக்கு வரமாட்டேன் என்று ஆபீஸில் சொல்லிவிடு, பனியனை வேண்டுமானால் வைத்துக்கொள், வீடு துடைக்க ஆகும். உன் எலும்பு முறிந்தால் அந்தக் கூட்டத்தில் ஒருவர்கூட உன்னைக் குளியலறைக்குத் தூக்கிக்கொண்டு போகமாட்டார், ஒரு பூங்கொத்துப் படத்தைப் போனில் அனுப்பிவிட்டு அவரவர் ஓட்டத்துக்குப் போய்விடுவார்கள். அதே சமயம் டாக்டர் ஓடாதே என்றதும் உன் அப்பாவுக்குப் பிறந்தவள் என்று காட்டிக் கட்டிலில் விழுந்துவிடாதே. உன் கட்டடத்துக்குக் கீழே நீச்சல்குளம் இருக்கிறது என்று வீடு பார்த்த அன்றைக்குக் குதித்தாயே, இன்றுவரை அதில் காலை நனைத்திருக்கிறாயா? டாக்டர் சரி என்றால் தண்ணீரில் இறங்கு, சைக்கிள் ஓட்டலாம் என்றால் ஓட்டு, உட்கார்ந்தபடி கைக்கும் முதுகுக்கும் வேலை கொடு, வலி எட்டிப் பார்த்தால் நிறுத்து. மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடு, நின்றபடியே ஒரு ரொட்டித்துண்டைக் கடித்துவிட்டு எலும்பு மட்டும் கெட்டியாக இருக்க வேண்டும் என்றால் அது எங்கே போகும். தூங்கு. சரியான பிறகு ஓடு, நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு, உன் கால் என்ன சொல்கிறதோ அதைக் கேட்டுக் கூட்டு, கடிகாரத்தைக் கேட்டு இல்லை.

இங்கே உன் அப்பா சோபாவை விட்டு இறங்கிவிட்டார். என் தலையணை எனக்கே திரும்பி வந்துவிட்டது. காலையில் நான் சமைக்கும்போது குறுக்கே வந்து சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி, பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக இறக்குகிறார். கரண்டி எடுக்க வழிவிடமாட்டேன் என்கிறார், சகித்துக்கொள்கிறேன். சாயங்காலம் சைக்கிள். கேப்டன் இரண்டு தடவை கூப்பிட்டார், நான்தான் எடுத்து, அவர் உடம்போடு பேசிக்கொண்டிருக்கிறார், குறுக்கிட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கடிகாரத்தைக் கழற்றி அணைத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். கட்டியிருந்த இடம் மட்டும் மணிக்கட்டில் வெளுத்துத் தெரிகிறது, நெட்டை நகை எங்கே என்று கேட்டாள், வேலைக்கு இடைஞ்சல் என்றேன். இனி அந்த ஆப்பில் உன் அப்பா பெயருக்கு நேரே பூஜ்யம்தான் இருக்கும். பார்த்துப் பயப்படாதே, அப்பா இருக்கிறார், நன்றாகவே இருக்கிறார், மேடைப் பக்கம் நின்று எக்கிக்கொண்டிருக்கிறார், அதற்கு அங்கே கணக்கில்லை, அவ்வளவுதான். உன் பெயருக்கு நேரேயும் ஒரு பூஜ்யம் விழுந்தால் இங்கே நாங்கள் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்குவோம்.

நீ எந்தக் குறையும் இல்லாமல் எழுந்து நடமாடி, நினைத்த காரியமெல்லாம் கைகூடி நீண்ட காலம் வாழ வேண்டும். டாக்டர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எனக்கு எழுது, இல்லாவிட்டால் போனில் சொல். ஒன்றை மட்டும் மறக்காதே, வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் அப்பா உனக்குப் போன் செய்வார். நம்பரைப் பற்றிப் பேசக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன், ஆகையால் என்ன பேசுவது என்று தெரியாமல் விழிப்பார். சாப்பிட்டியா என்று கேட்பார், நீ சாப்பிட்டேன் என்பாய், அதற்குப் பிறகு சத்தமே வராது. வைத்துவிடாதே, காத்திரு. வழக்கம் போல் போனை என் பக்கம் நீட்டுவார், நான் வாங்கமாட்டேன். அந்த நேரத்துக்கு வீட்டில் இருக்கிற விரிப்பையெல்லாம் எடுத்துப்போட்டு மடித்துக்கொண்டிருப்பேன், என் இரண்டு கையும் வேலையாக இருக்கும்.

இப்படிக்கு,
நீ துரத்திப் பிடிக்க முடியாத
உன் அம்மா